உங்கள் குடல் இந்த நிமிடமும் தன்னைத் தின்றுகொண்டிருக்கிறது, தெரியுமா?

ஹாலிஎல சந்தியில் பண்டாரவளைக்கு ஒரு பாதை, வெலிமடைக்கு ஒரு பாதை என்று வீதி பிரிகிறது. அங்கே பஸ்ஸுக்கு நிற்கிறவர் ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் ரொட்டியுமாக இருக்கிறார் என்று வையுங்கள். அவர் ரொட்டியைத் தின்கிறார். அதே நேரம் அவருடைய குடலில் உள்ள கோடானுகோடி கலங்கள் தங்கள் உடம்பின் ஒரு பகுதியைத் தாங்களே தின்றுகொண்டிருக்கின்றன! நோய் வந்து அல்ல. அப்படித் தின்பதால்தான் அவருக்கு நோய் வராமல் இருக்கிறது!

நம்பக் கடினமா? ஒரு கணக்குப் பாருங்கள். சராசரி மனிதர் ஒரு நாளில் சாப்பாட்டிலிருந்து எடுக்கும் புரதம் ஏறக்குறைய 70 கிராம். ஆனால் உடம்பு ஒரு நாளில் புதிதாகக் கட்டும் புரதமோ 200 முதல் 300 கிராம். மிச்சம் எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்தேதான். பழைய புரதத்தைக் கழற்றி, அதன் துண்டுகளால் புதிய புரதத்தைக் கட்டுகிறோம். பருப்பும் நெத்தலியும் கொடுப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு, நாம் நமக்கே கொடுத்துக்கொள்கிறோம்!

அந்தக் கழற்றும் வேலையின் பெரிய பாதைகளில் ஒன்றுக்குத் தன்னுண்ணல் என்று பெயர். விஞ்ஞானிகள் ஒட்டோபஜி என்பார்கள். கலத்துக்குள் ஏதாவது பழுதாகிவிட்டால், அதைச் சுற்றி இரட்டைச் சுவருள்ள ஒரு பை முளைக்கிறது. வெறும் இடத்தில் முளைத்து, வளைந்து, வாயை மூடிக்கொள்கிறது. பிறகு செரிக்கும் நொதிகள் நிறைந்த இலைசோசோமோடு ஒட்டிக் கலந்துவிடுகிறது. உள்ளே போனது கரைந்து, அமினோ அமிலமாகி வெளியே வருகிறது. மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை முதிர்ந்த தேயிலையை வெட்டுகிறோம். மிலாறில் தடித்தது விறகுக்குப் போனாலும் இலையும் தூசும் அந்தச் செடியின் காலடியிலேயே உக்கி, அதற்கே உரமாகிறது. பிறகு புதுக் கொழுந்து. கவ்வாத்துத் தவறிய மலை என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். குடலில் அது தவறினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க!

இலைசோசோமை 1955இல் கண்டறிந்த பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ்தான் 1963இல் இந்தத் தன்னுண்ணலுக்கும் பெயர் வைத்தார். பெயர் கிடைத்ததே தவிர, எந்த மரபணுக்கள் இதை நடத்துகின்றன என்பது மேலும் முப்பது வருஷம் யாருக்கும் புரியவில்லை. அதை உடைத்தவர் ஜப்பானியரான யோஷினோரி ஓசுமி. 43 வயதில்தான் அவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஆய்வுக்கூடம் கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்ட உயிர் எது தெரியுமா? பேக்கரியில் பாண் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்! செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டுவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார். தின்ன எடுத்ததைச் செரிக்க முடியாமல் அதன் புன்வெற்றிடத்துக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் குவிந்து, துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டிருந்தன. 1992இல் அதை எழுதினார். அடுத்த வருஷமே இந்த வேலைக்கு அவசியமான 15 மரபணுக்களை அடையாளம் காட்டினார். 2016ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே போனது.

இப்போது உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அந்த ஈஸ்ட்டில் 16 என்று இலக்கமிட்ட ஒரு மரபணு இருக்கிறது. அதன் உறவுக்கார மரபணு உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. ஏ.ரி.ஜி.16 எல்1 என்று பெயர். ஈஸ்ட்டும் மனிதனும் நூறு கோடி வருஷத்துக்கு முன்பே பிரிந்துபோன உறவு. ஆனாலும் அந்த வேலைக்காரனை இருவருமே கைவிடவில்லை!

ஆனால் ஈஸ்ட்டுக்கும் குடல் நோய்க்கும் என்ன சம்பந்தம்? அதற்கு முதலில் குடலின் சுவரைப் பார்க்க வேண்டும். வாயிலிருந்து ஆசனவாய் வரை உள்ள செரிமானப் பாதையின் உட்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சுவீடனில் 2014இல் திருத்தமாக அளந்து பார்த்தபோது சுமார் 32 சதுர மீற்றர்தான் வந்தது. மனம் தளர வேண்டாம், இனித்தான் வியப்பு. அதில் குடலின் பரப்பு முழுவதையும் மூடியிருப்பது ஒரே ஒரு கலத்தின் தடிப்புள்ள தோல்! அதற்கு அந்தப் பக்கம் பற்றீரியாக்கள். நம் உடம்பில் அவை 38 இலட்சம் கோடி என்று ஒரு மதிப்பீடு, பெரும்பங்கு பெருங்குடலில். இந்தப் பக்கம் நோயெதிர்ப்புக் கலங்கள், ஆயுதத்தோடு. நடுவிலுள்ள அந்த ஒற்றைக் கல வரிசையோ மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாகிவிடுகிறது. போன கிழமை உங்களுக்கிருந்த குடல் தோல் இன்றைக்கு இல்லை!

இந்த எல்லையில் சண்டை மூண்டு அணையாமல் எரிவதுதான் குடல் அழற்சி நோய். இரண்டு வடிவம். பெருங்குடலின் உள்தோலோடு நிற்பது பெருங்குடல் புண்ணழற்சி. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியதும், குடற்சுவரின் முழுத் தடிப்பையும் துளைத்துப் போகக்கூடியதும் குரோன் நோய். 1932இல் நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையில் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய மூவரில் ஒருவர் பெரில் குரோன். பெயர்களை ஆங்கில அகரவரிசையில் அச்சிட்டதால் அவர் பெயர் முன்னால் வந்தது, நோய்க்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

எழுபத்தைந்து வருஷம் காரணம் முழுதாகப் பிடிபடவில்லை. 2007இல் ஒரே வருஷத்துக்குள் அடுத்தடுத்து ஆய்வுகள் வந்து விழுந்தன! ஜேர்மனியின் கீல் நகரக் குழு ஏறக்குறைய 20,000 மரபணு மாற்றங்களைக் குரோன் நோயாளிகளிடம் சல்லடை போட்டுத் தேடியது. வடஅமெரிக்கக் குழு ஒன்றும் தனியே தேடியது. இரு குழுவும் போய் நின்ற இடம் ஒன்றே: ஏ.ரி.ஜி.16 எல்1! ஈஸ்ட்டின் அந்தப் பதினாறாம் இலக்கத்தின் உறவுக்காரன்! அதே வருஷம் பிரித்தானிய ஆய்வாளர்கள் தன்னுண்ணலோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவையும் குரோன் நோயில் கண்டார்கள். ஐ.ஆர்.ஜி.எம். என்பது அதன் பெயர். குடல் வைத்தியர்கள் அதுவரை காதில் போட்டுக்கொள்ளாத ஒரு கலக் கழிவு வேலை, ஒரே இரவில் அவர்கள் துறையின் நடு மேசைக்கு வந்துவிட்டது.

பழுது எவ்வளவு பெரியது தெரியுமா? ஒரு எழுத்து. மனித மரபுத் தொகுதியின் 300 கோடி எழுத்துகளில் ஒன்று. அதனால் 600க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் புரதத்தில் 300ஆவது இடத்தில் திரியோனின் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கலத்துக்கு நெருக்கடி வரும்போது கஸ்பேஸ்-3 என்ற நொதி வந்து, அலனின் உள்ள புரதத்தை இலகுவாக வெட்டிப்போடுகிறது என்று 2014இல் தெரிந்தது. வேலைக்காரன் மிகத் தேவையான நேரத்தில்தான் காணாமல் போகிறான்!

அப்படிக் காணாமல் போகும்போது முதலில் தடுமாறுவது பனெத் கலங்கள். சிறுகுடலின் ஒவ்வொரு குழியின் அடியிலும் இவை கூட்டமாக இருக்கின்றன. ஓஸ்திரிய அறிஞர் யோசெப் பனெத் 1888இல் இவற்றை விவரித்தார். இரண்டே வருஷத்தில் காசநோயில் இறந்துபோனார், வயது முப்பத்து மூன்றைத் தாண்டவில்லை. சுற்றியுள்ள கலங்கள் ஐந்து நாளில் உதிர, இவை மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் வாழும். வயிறு நிறையக் கிருமிகொல்லிப் பரல்களை வைத்துக்கொண்டு காவல் காக்கும். அந்தப் பரல்களுக்குள் இருப்பவற்றில் ஒன்று லைசோசைம்; உங்கள் கண்ணீரிலும் இருப்பது, அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் காண்பதற்கு முன்பே மூக்குச் சளியில் கண்டது! 2008இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஏ.ரி.ஜி.16 எல்1 மரபணுவைக் குறைத்துப் பிறப்பித்த எலிகளின் பனெத் கலங்களைப் பார்த்தார்கள். பரல்கள் சிதறிக் குலைந்து கிடந்தன. அந்தப் பழுதான எழுத்து இரண்டு பிரதியும் உள்ள குரோன் நோயாளிகளின் குடலைப் பார்த்தார்கள். அங்கும் அதே குலைவு!

இன்னும் இருக்கிறது. 2017இல் டெக்சாஸில் லோரா ஹூப்பரின் ஆய்வுக்கூடம் சல்மொனெல்லா பற்றீரியா பனெத் கலத்தைத் தாக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தது. பற்றீரியா உள்ளே புகுந்து, கலம் புரதங்களை வெளியே அனுப்பும் வழக்கமான பாதையைக் குழப்பிவிடுகிறது. லைசோசைம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே? இல்லை! கலம் உடனே தன்னுண்ணல் பையை எடுக்கிறது, லைசோசைமை அதற்குள் ஏற்றுகிறது, செரிக்காமல் வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. தின்பதற்கென்று பிறந்த பை, ஆயுதம் கடத்தும் பையாகிறது! அந்த ஓரெழுத்துப் பழுதுள்ள எலிகளில் இந்த மாற்றுப் பாதை திறக்கவில்லை.

பழுது இருந்தால் நோய் வந்தே தீருமா? இல்லை, கட்டாயம் இல்லை. ஐரோப்பியர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த எழுத்தில் ஒரு பிரதியாவது வைத்திருக்கிறார்கள். ஒரு சொற்பம் பேருக்குத்தான் குரோன். வேறென்ன வேண்டும்? 2010இல் அதே செயின்ட் லூயிஸ் குழு ஒரு விடை சொன்னது, என்னை உலுக்கிப்போட்ட விடை. மரபணு குறைந்த எலிகளை மிகச் சுத்தமான புதிய கூடத்துக்கு மாற்றியபோது பனெத் கலங்கள் நன்றாக ஆகிவிட்டன! பழைய கூடத்தில் எலிகளுக்குப் பழகிப்போன ஒரு நோரோ வைரசு இருந்தது. அதைக் கொடுத்தால் கலங்கள் மறுபடி குலைந்தன. மரபணு மட்டும் போதாது, வைரசு மட்டும் போதாது, இரண்டும் சேர வேண்டும். சிகரெட் புகையும் இப்படிச் சேரும் கூட்டாளி என்று 2018இல் எலிகளிலும் நோயாளிகளிலும் காட்டினார்கள். குரோன் உள்ளவர் புகைத்தால் நோய் மோசமாகிறது என்று வைத்தியர்கள் பல காலமாகச் சொல்லிவருவதற்கு இது ஒரு விளக்கம்.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரர் கதைதானா? இங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள். குரோன் நோய்க்கு முதலில் கண்டறியப்பட்ட மரபணு நொட்2, 2001இல். பற்றீரியா கலத்துக்குள் நுழையும் இடத்துக்கு ஏ.ரி.ஜி.16 எல்1ஐக் கூட்டிவருவதே இதுதான் என்று பிறகு தெரிந்தது. ஐரோப்பியரில் அதன் மூன்று மாற்றங்கள் பிரபலம். வேலூர் சி.எம்.சி.யில் பி. எஸ். ராமகிருஷ்ணாவின் குழு நம்மவர்களிடம் தேடி, 2008இல் வெளியிட்டது: இந்தியக் குரோன் நோயாளிகளில் அந்த மூன்றும் இல்லவே இல்லை! ஜப்பான், சீனா, கொரியாவிலும் அவை இல்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து 2017இல் வந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வில், ஏ.ரி.ஜி.16 எல்1இன் ஒரு மரபணுக் கோவை இந்தியர்களின் குடல் அழற்சி நோயோடு சேர்ந்து வந்தது. ஒரு கதவு நமக்கு இல்லை, மறு கதவு இருக்கிறது! திருச்சியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் இராமநாதபுரத்திலும் இருந்து கோப்பிக்கும், 1869இல் இலைத்துரு வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலைக்குமாக ஊவா மலைகளுக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தமிழ்நாட்டு ஆய்வில் பேசப்பட்ட அந்த மரபணு நமக்குத் தூரத்து ஆளல்ல.

இலங்கையிலும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளில் எடுத்த கணக்கு 2010இல் வெளியானது: இலட்சம் பேருக்குப் பெருங்குடல் புண்ணழற்சி 5.3, குரோன் 1.2. சின்ன எண்தான். 2011-12இல் ஆசிய நாடுகளையும் அவுஸ்திரேலியாவையும் சேர்த்து எண்ணிய ஆய்விலும் இலங்கை இருந்தது. ஆசியாவில் வருஷத்துக்குப் புதிதாக இலட்சத்தில் 1.37 பேர், அவுஸ்திரேலியாவில் 23.67 பேர். ஆனால் பிரித்தானியாவின் லெஸ்டர் நகரில் குடியேறிய தென்னாசியர்களைப் பார்த்தபோது, அங்கே பெருங்குடல் புண்ணழற்சி ஐரோப்பியரைவிட அவர்களுக்கே அதிகம் வந்திருந்தது! மரபணு கப்பலில் மாறவில்லை. சாப்பாடும் சுற்றமும் குடலின் பற்றீரியாவும்தான் மாறின.

இன்னொரு பெரிய சிக்கல் நம் பக்கத்துக்கே உரியது: குடலில் வரும் காசநோய். கமரா விட்டுப் பார்த்தாலும், தசைத் துண்டு எடுத்துப் பார்த்தாலும் சில வேளை குரோனுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. குரோன் என்று தப்பாக நினைத்து அழற்சியடக்கும் மருந்து கொடுத்தால் காசநோய் பரவும். ஆச்சரியம் என்னவென்றால், உடம்பு காசநோய்க் கிருமியை அடிக்கும் ஆயுதங்களில் ஒன்றும் இதே தன்னுண்ணல்தான்! கலத்துக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கிருமியைத் தன்னுண்ணல் பிடித்துக் கொல்லும் என்று 2004இல் காட்டினார்கள். ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் இரண்டு நோய்களின் அடியிலும் ஒரே வேலைக்காரன்.

அதனால் தோட்டத்தில் ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். மலத்தோடு இரத்தமும் சளியும் போனால் மூலம் என்று ஒரு பெயர், இரத்தக்கடுப்பு என்று ஒரு பெயர் வைத்துவிட்டு, கொழுந்து எடுக்கப் போய்விடுகிறோம். மலையில் கக்கூசுக்கு வழி இல்லாத அக்காமார் அதை வெளியே சொல்வதே இல்லை. கடுப்பு என்றால் சில நாளில் ஆற வேண்டும். கிழமைக் கணக்கில் நீடித்தால், இரவு தூக்கத்திலிருந்து எழுப்பினால், உடம்பு இளைத்தால், காய்ச்சலோடு வயிற்றுவலி திரும்பத் திரும்ப வந்தால், தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல் பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டணம் இல்லை. கமரா பரிசோதனையை நினைத்துப் பயப்படத் தேவையும் இல்லை.

மருந்தின் கதை இன்னும் வியப்பு! சுவீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் வைத்தியர் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய சல்பசலசின், பெருங்குடல் புண்ணழற்சிக்கு வேலை செய்தது. எப்படித் தெரியுமா? அந்த மாத்திரை இரண்டு மூலக்கூறுகள் பிணைந்தது. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பற்றீரியாக்கள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடுகின்றன. நோயோடு குற்றம் சாட்டப்படும் பற்றீரியாவே மருந்தை அவிழ்த்துக் கொடுக்கிறது! இரண்டில் எது உண்மை மருந்து என்று 1977இல் ஒக்ஸ்போர்டில் நிரூபித்தவர்களில் முதற்பெயர் நம் வட்டாரத்தவர், பங்களாதேஷின் ஆசாத் கான். அந்த உண்மை மருந்து சலிசிலிக் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்தது. இப்போது ஊவாவுக்கு வாருங்கள். ஆடி ஆவணியில் கச்சான் காற்று காய்ந்து அடிக்கும்போது, வாடி வருந்தும் கொழுந்தில் மெதைல் சலிசிலேட் கூடுகிறது. வலிக்குப் பூசும் தைலங்களில் மணக்கிற அதே பொருள். ஊவாத் தேயிலையை உலகம் தேடி வாங்கும் அந்தக் குளிர்ந்த மணம் அதனுடையது! இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் ஒன்றல்ல. தேத்தண்ணி குடித்தால் குடல் நோய் ஆறாது, மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

தன்னுண்ணலை நேரடியாகத் தூண்டும் மருந்து இல்லையா? இருக்கிறது, அது ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்தது! 1964இல் கனடாவிலிருந்து போன குழு அள்ளிவந்த மண்ணில் இருந்த ஒரு பற்றீரியா சுரந்த பொருள் ராப்பமைசின். மொன்றியலில் அதைப் பிரித்தெடுத்தவர் இந்தியரான சுரேந்திர நாத் சேகல். நிறுவனம் அந்த வேலையை மூடியபோது, சில குப்பிகளை வீட்டுக் குளிர்பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார் அவர். இன்று சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு அது மருந்து. கலத்துக்குள் சாப்பாடு இருக்கிறது என்று சொல்லும் சைகையை அது அடக்கிவிடும்; கலம் பசி என்று நினைத்துத் தன்னைத் தின்னத் தொடங்கும். அதன் உறவுக்கார மருந்தான எவரோலிமஸை குரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக ஒன்றும் நடக்கவில்லை. எலியில் அழகாகத் தெரிவது மனிதரில் நடந்தே தீரும் என்று இல்லை. ஆனால் வழக்கமாகக் கொடுக்கும் அசதயோப்பிரின் என்ற பழைய மாத்திரை சத்தமில்லாமல் தன்னுண்ணலையும் தூண்டுகிறது என்று 2019இல் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள்! பசித்தால் தன்னுண்ணல் கூடும் என்றதும் விரதம் இருக்கத் தோன்றும். குடல் அழற்சி உள்ளவர் ஏற்கனவே இளைத்துப் போயிருப்பார், பட்டினி அவருக்கு ஆபத்து.

இத்தனை தொல்லை தருகிற, ஏ.ரி.ஜி.16 எல்1இன் அந்த ஒற்றை எழுத்து, இத்தனை தலைமுறையாக மனிதரிடம் ஏன் அழியாமல் இருக்கிறது? 2012இல் அதே செயின்ட் லூயிஸ் நகரில், அந்த மரபணு குறைந்த எலிகளின் சிறுநீர்ப்பைக்குள் ஈ.கோலி பற்றீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். குடலில் நோஞ்சானாக நிற்கும் அந்த எலிகள், சிறுநீர்த் தொற்றைச் சாதாரண எலிகளைவிட வேகமாகத் துடைத்தெறிந்தன. அடுத்த வருஷம் குடலைத் தாக்கும் வேறொரு பற்றீரியாவிலும் இதே அதிசயம் நடந்தது! தன்னுண்ணல் குறையும்போது நோயெதிர்ப்பு கொஞ்சம் முறுக்கேறி நிற்கிறது. கிருமி வந்தால் அது இலாபம், கிருமி இல்லாத நாளில் அதுவே குடலைச் சுடுகிறது. அன்ரிபயோட்டிக் இல்லாத காலத்தில் தாய்மாரைச் சிறுநீர்த் தொற்றிலிருந்து காப்பாற்றியதால்தான் அந்த எழுத்து பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கி வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து.